சின்ன ஆர்.வி.யில் குடும்பத்துக்கு இடம் பண்ணுவது எப்படி

ஆர்.வி. என்றால் படுக்கை, மேசையோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி. முதலில் அதன் கதவருகே நின்று உள்ளே பாருங்கள். பிறகு மேசையில் உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். இடுப்புக்கும் தலைக்கும் நடுவே கண்ணில் முட்டுவது எதுவோ, அதுதான் வண்டியைச் சின்னதாகக் காட்டுகிறது. தரையில் சாமான் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் பார்வை தடுக்கிக்கொண்டே இருந்தால் நாலு பேர் இருக்கும் இடத்தில் எட்டுப் பேர் அடைந்து கிடப்பது போலாகிவிடும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த உயரத்தில் இருப்பதைக் கழற்றுங்கள்.

பழைய வண்டிகளில் முதலில் கழற்ற வேண்டியது ஜன்னலைச் சுற்றியிருக்கும் துணி போர்த்திய சட்டங்களை. சில திருகுகளில்தான் நிற்கும். பின்னால் வயர் ஓடுகிறதா, திரையின் பிடிமானம் அதில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். புதுத் திரைக்கம்பி ஜன்னலைவிட இரு பக்கமும் 15 செ.மீ. நீளமாக இருக்கட்டும். திரை ஒதுங்கும்போது கண்ணாடி முழுக்கத் திறந்து கிடக்க வேண்டும். பாதி மூடிய ஜன்னலால் பலன் இல்லை.

மேல் அலமாரிகளை அடியோடு பிடுங்கிவிடாதீர்கள். சில வண்டிகளில் கூரைக்கும் சுவருக்கும் பிடிப்பே அவைதான். கதவை மட்டும் எடுத்துவிட்டுத் திறந்த தட்டாக வைக்கலாம். அப்படிச் செய்தால் முன்பக்கம் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு, அதற்கு மேல் ஒரு வலை அவசியம். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே டப்பாக்கள் பிள்ளைகள் தலையில் விழும்.

அடுத்தது பெயிண்ட். பெரும்பாலான வண்டிகளில் சுவரில் தெரிவது மரமல்ல, மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டிய வினைல் படலம். அதில் நேரடியாகப் பெயிண்ட் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, தூசு துடைத்து, வழுவழுப்பான பரப்புக்கான பிரைமர் ஒரு பூச்சு, டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்தபின் மெல்லியதாக இரண்டு பூச்சு. அழுத்தித் தேய்த்தால் படலம் கிழியும். பிரைமரை விட்டுவிட்டால் நகம் பட்ட இடத்தில் ஏடு ஏடாக உரியும். கதவு விளிம்பில்தான் அது முதலில் தொடங்கும். கூரை சுவரைவிட ஒரு படி வெளுப்பாகவும், தரை முன்னிருந்து பின்வரை ஒரே விரிப்பாகவும் இருந்தால் நீளம் கூடித் தெரியும்.

விளக்குக்கு நடுக்கூரையில் ஒரே பல்பு போதாது. மேல் அலமாரியின் அடியில் 2700–3000 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டை ஓட்டுங்கள். மீட்டருக்கு 10 வாட் பட்டை 5 மீட்டர் என்றால் 50 வாட், 12 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குச் சற்று மேல். 1.5 ச.மி.மீ. வயரும் பேட்டரி பக்கத்தில் 7.5 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வோல்டேஜ் 14-க்கு மேல் போகும், சாதா 12 வோல்ட் பட்டை சூடேறிச் சீக்கிரம் செத்துவிடும். அதைத் தாங்கும் பட்டையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நடுவில் வோல்டேஜை 12-லேயே நிறுத்தும் ஒரு ரெகுலேட்டர் வையுங்கள்.

இனி மேசையும் படுக்கையும். குடும்பம் சலித்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். தினமும் ராத்திரி மேசையை இறக்கிப் படுக்கையாக்கி, காலையில் திரும்பத் தூக்குவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் கஷ்டம். எப்படியாவது ஒரு படுக்கையையாவது நிரந்தரமாக விரித்தே வையுங்கள். எங்கள் வாக்கு பிள்ளைகளின் படுக்கைக்குத்தான்: அவர்கள் தூங்கியபிறகும் பெரியவர்களுக்கு மேசை மிஞ்சும், பகலில் அது அவர்களுடைய இடமாகவும் இருக்கும்.

நடைபாதையில் இடுப்பு இடித்தால் மேசைப் பலகையைப் பக்கத்துக்கு 5 செ.மீ. குறைத்து மூலைகளை வளைத்து வெட்டலாம். ஆனால் அதே பலகைதான் இரவில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் படுக்கையாக உட்காருகிறது என்றால் அளவைத் தொடாதீர்கள், மூலையை மட்டும் வளையுங்கள். பெல்ட் பொருத்திய இருக்கையை இடத்துக்காக ஒருபோதும் எடுக்கக் கூடாது.

சுவரில் கொக்கி மாட்டும்போது கவனம். படலத்துக்குப் பின்னால் பெரும்பாலான இடத்தில் ஃபோம்தான். அதில் திருகு ஒரு குலுக்கலில் பிடுங்கிக்கொண்டு வரும். உள்சட்டம் இருக்கும் இடத்தைத் தேடி அதில் திருகுங்கள். துளை போடுமுன் உள்ளே வயர் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு பெட்டி, 40×30×20 செ.மீ., அதாவது 24 லிட்டர். துணியும் விளையாட்டுச் சாமானும் அதற்குள் அடங்கட்டும். இருக்கைக்கு அடியில் செருகும்போது ஹீட்டரின் காற்று வழியையும், தரையில் இருக்கும் கேஸ் வெளியேறும் துளையையும் அடைக்காதீர்கள். கசியும் கேஸ் கீழேதான் தங்கும். அவசர வழியாகத் திறக்கும் ஜன்னலுக்கு முன்னாலும் எதுவும் நிற்கக் கூடாது.

நாலு பேர் மூடிய வண்டியில் தூங்கினால் விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஈரம் காற்றில் சேரும். அது கண்ணாடியில் வியர்க்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சையாகும். முழுப் பலகைக்குப் பதில் 4 செ.மீ. இடைவெளி விட்ட பட்டைகள் மேல் மெத்தையைப் போடுங்கள். கூரை ஃபேனைக் காற்றை வெளியே தள்ளும்படி மெதுவாக ஓடவிட்டு, எதிர்முனை ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.

புதுத் தட்டுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட் தேவையில்லை. முழு ஷீட் ஒன்று மரவகையைப் பொறுத்து 25 கிலோவுக்கு மேல் போகும், 9 மி.மீ. அதில் பாதி. வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லோரும் ஏறி உட்கார்ந்து, எடைமேடையில் ஒரு முறை நிறுத்துங்கள். கதவுச் சட்டத்திலோ வண்டியின் எடைத் தகட்டிலோ உள்ள அதிகபட்ச எடையைத் தாண்டினால் முதலில் தொட்டியைப் பாதியாக்குங்கள்: 50 லிட்டர் குறைந்தால் 50 கிலோ குறையும்.