ஐரோப்பிய மின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறை

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மின் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வந்தால், அந்தக் கையொப்பம் எளியதா, மேம்பட்டதா (இட்டவரை அடையாளங்காட்டி, பின்னர் செய்த மாற்றத்தையும் காட்டிக்கொடுப்பது), தகுதிபெற்றதா (தகுதிபெற்ற சான்றிதழும் கருவியும் கொண்டு இட்ட மேம்பட்ட கையொப்பம்) என்று முதலில் பாருங்கள். ஏனெனில் 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 910/2014 ஆம் எண் ஒழுங்குவிதியின் 25ஆம் பிரிவு, தகுதிபெற்ற கையொப்பத்துக்கு மட்டுமே கைப்பட இட்ட கையொப்பத்துக்கு நிகரான சட்ட மதிப்பைத் தருகிறது. பிடிஎஃப் கோப்பில் தெரியும் கையெழுத்துப் படம் வெறும் அலங்காரம். அதை நம்ப வேண்டாம். கையொப்ப விவரங்களைத் திறந்து, கையொப்பமிட்டவரின் அடையாளத்தை உறுதிசெய்யும் மின் சான்றிதழை வழங்கிய நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்நிறுவனம் அமைந்துள்ள உறுப்பு நாடு வெளியிடும் நம்பகப் பட்டியலில் அதன் சேவை கையொப்பமிட்ட நாளன்று தகுதிபெற்ற நிலையில் இருந்ததா என்று ஒப்பிடுங்கள். கையொப்பம் தகுதிபெற்ற கருவியில் (கையொப்பச் சாவியைப் பாதுகாக்கும் சான்றளிக்கப்பட்ட சாதனம்) உருவானதா என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள். சான்றிதழ் பின்னர் காலாவதியானாலும் கவலையில்லை. கையொப்பமிட்ட நேரத்தில் அது செல்லுபடியாக இருந்தால் போதும், அந்த நேரத்தை நிறுவ நேரமுத்திரை (கோப்பை ஒரு குறிப்பிட்ட நேரத்தோடு பிணைக்கும் மின் பதிவு) உதவும்.