டெக்சாஸ் மிடில் ஸ்கூலில் பிள்ளை ஆர்கெஸ்ட்ரா எடுத்தால்: புதிதாக வந்த பெற்றோருக்கு

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடிவந்ததும், ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் பாடத் தேர்வுப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: பேண்டா, ஆர்கெஸ்ட்ராவா, கொயரா, ஓவியமா, நாடகமா? டெக்சாஸில் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குள் ஒரு கலைப் பாடமாவது படித்தாக வேண்டும். வயலின் நமக்குப் பழக்கமான வாத்தியம் என்பதால் நம்மில் பலர் ஆர்கெஸ்ட்ராவைத் தேர்ந்தெடுக்கிறோம். நல்ல தேர்வுதான். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: இது பள்ளி நேரத்துக்குள் நடக்கிற, மதிப்பெண் உள்ள பாடம். பெரும்பாலான பள்ளிகளில் கச்சேரிக்கு வருவதும் அந்த மதிப்பெண்ணில் சேரும். கச்சேரித் தேதிகள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இங்கே ஆர்கெஸ்ட்ரா என்றால் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய நான்கு தந்தி வாத்தியங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் வயலின் பக்கமே போவார்கள். ஆசிரியர் 'வியோலா எடுத்துக்கொள்ளேன்' என்று கேட்டால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வியோலாவும் செல்லோவும் பாஸும் இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா நிற்காது. கை நீளம், விரல் அமைப்பு, பிள்ளையின் ஆர்வம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆசிரியர் சொல்வார்.

வாத்தியத்தை உடனே விலைக்கு வாங்காதீர்கள். பதினொரு, பன்னிரண்டு வயதில் பிள்ளை முக்கால் அளவு வயலினிலிருந்து முழு அளவுக்கு மாறிக்கொண்டிருக்கும். தந்தி வாத்தியக் கடையில் மாத வாடகைக்கு எடுத்தால் அளவு மாறும்போது மாற்றித் தருவார்கள். கட்டிய வாடகையில் ஒரு பகுதியைப் பின்னால் வாங்கும் வாத்தியத்தின் விலையில் கழிக்கும் கடைகளும் உண்டு. செல்லோ, பாஸ் வாசிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பில் பயன்படுத்தப் பள்ளியே வாத்தியம் தருவது வழக்கம். பணம் கஷ்டமென்றால் டைரக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். இங்கே ஆர்கெஸ்ட்ரா ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். உதவி கேட்பதில் தயக்கமே வேண்டாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வண்ண வயலின்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) நிற்காது, சுருதி நிற்காது, பிள்ளையின் பொறுமையும் நிற்காது. இன்னொன்று, டெக்சாஸ் வெயிலில் நிற்கும் காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சூட்டில் வார்னிஷ் இளகும், பசை விட்டு மூட்டுகள் பிரியும்.

ஊரில் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகளுக்குத் தனியாகச் சிலது சொல்ல வேண்டும். பாலுசாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் இந்த மேற்கத்திய வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்தது. வந்தபின் அதைப் பிடிக்கும் விதமும் சுருதி கூட்டும் விதமும் நம் வழிக்கு மாறிவிட்டன. நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் தாங்கவைத்து, ச-ப-ச-ப என்று கூட்டி வாசிக்கிறோம். இங்கே நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது தோளுக்கும் தாடைக்கும் நடுவில் வைத்து, தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று கூட்ட வேண்டும். ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ் என்ற நிலையான சுருதி. ஒரே வயலினைச் சனிக்கிழமை நம் சுருதிக்கு இறக்கி, திங்கட்கிழமை மறுபடி ஏற்றினால் தந்தி நிலைகொள்ளாது. முடிந்தால் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் விரல் இயல்பாகவே கமகத்துக்கு இழுபடும். ஆர்கெஸ்ட்ராவில் விரல் நேராக, சுத்தமாகச் சுரத்தில் போய் அமர வேண்டும். கற்றது எதுவும் வீணாகாது. கேட்டவுடன் பிடிக்கும் காது பெரிய சொத்து. முதலில் சொல்லித்தரும் டி மேஜர் ஸ்கேலை (சுர வரிசையை)க் கேட்டதும் பிள்ளைக்குச் சங்கராபரணம் கேட்கும். ஆனால் அந்தக் காதே ஒரு தடையும் ஆகலாம். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டே ஒப்பேற்றிவிட்டு, தாளில் உள்ள நொட்டேஷனைப் படிக்காமல் விட்டுவிடும். முதல் ஆறு மாதம் அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சரி, வீட்டில் எப்படிப் பயிற்சி செய்ய வைப்பது? உங்களுக்கு மேற்கத்திய நொட்டேஷன் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வாரம் ஐந்து நாள், இருபது முப்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது எவ்வளவோ பலன் தரும். முதலில் ட்யூனர் வைத்துச் சுருதி கூட்டட்டும். தொடக்கத்தில் பிருடையைத் தொடாமல், கீழே இருக்கும் ஃபைன் ட்யூனர் என்ற சிறு திருகை மட்டும் திருகச் சொல்லுங்கள். பிருடையை அதிகம் முறுக்கினால் ஈ தந்தி பட்டென்று அறுந்துவிடும். அப்புறம் ஒரு ஸ்கேல், நீளமான வில்லில், மெதுவாக. அதற்குப் பின்தான் பாட்டு.

பாட்டை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வாசிப்பதை நாம் பயிற்சி என்று நினைக்கிறோம். அப்படி வாசித்தால் தெரிந்த இடம் நன்றாகத் தெரியும், தெரியாத இடம் தெரியாமலே இருக்கும். தடுக்குகிற இரண்டு அட்சரத்தையோ நான்கு அட்சரத்தையோ பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். அதை மட்டும் எடுத்து, சுரத்தின் பெயரை வாயால் சொல்லி, பிறகு வில் இல்லாமல் விரலால் மீட்டி, பிறகு வில்லுடன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பிழையில்லாமல் மூன்று முறை வந்தபின் 64, 68 என்று ஏற்றலாம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிய பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

வில்லின் திசையும் முக்கியம். தாளில் கீழ்ப்பக்கம் திறந்த சிறு பெட்டி போன்ற குறி இருந்தால் வில்லைக் கீழே இழுக்க வேண்டும். கூர்முனை கீழே பார்க்கும் குறி இருந்தால் மேலே தள்ள வேண்டும். ஒரு குழுவில் எல்லோர் வில்லும் ஒரே பக்கம் போனால்தான் ஒலியும் ஒன்றாக வரும். ஒருவர் மாற்றி இழுத்தால் மேடையில் கடைசி வரிசைக்குக்கூடத் தெரியும். டைரக்டர் ஒத்திகையில் வில் திசையை மாற்றுவார். பையில் எப்போதும் பென்சில் இருக்கட்டும், பேனா வேண்டாம்.

மௌனமாக இருக்க வேண்டிய இடங்களையும் பயிற்சி செய்ய வேண்டும். இரண்டாம் வயலின் பகுதிக்கும் பாஸுக்கும் எட்டு அட்சரம், பன்னிரண்டு அட்சரம் என்று ஓய்வு வரும். வீட்டில் அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் மேடையில் எங்கே நுழைவது என்று தெரியாது. இங்குதான் நீங்கள் உதவலாம்: பக்கத்தில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டு எண்ணுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் குறை சொல்வதைவிட அதன் காதே நன்றாகச் சொல்லும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் மேல் மாட்டும் ரப்பர் மியூட் வாங்கிக்கொள்ளலாம். சத்தம் நன்றாகக் குறைந்துவிடும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவைக்கப் பழக்குங்கள்.

இருக்கைத் தேர்வு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யார் முதல் நாற்காலி, யார் எட்டாவது என்று அவ்வப்போது தேர்வு நடக்கும். நம் வீடுகளில் அது உடனே ரேங்க் கார்டு ஆகிவிடுகிறது. தயவுசெய்து அப்படி ஆக்காதீர்கள். கடைசி வரிசையில் இருந்தாலும் தன் பகுதியைத் தாளம் தப்பாமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, டைரக்டரின் கையைப் பார்த்து வாசிக்கிற பிள்ளைதான் அந்தக் குழுவைத் தாங்குகிறது. வீட்டில் தன் சுரங்களைத் தயார் செய்துவிட்டுப் போனால், வகுப்பில் அதற்கு மற்றவர்களைக் கேட்க நேரம் கிடைக்கும். சேர்ந்து வாசிப்பதில் இருக்கிற சந்தோஷத்தை நம் பிள்ளைகள் முழுதாக அனுபவிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கச்சேரி நாளுக்கு உடை பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை அல்லது பாவாடை, கறுப்புச் சாக்ஸ், கறுப்பு ஷூ. விளையாட்டு ஷூ கூடாது. ஷூ சின்னதாகிவிட்டதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். பிள்ளை வர வேண்டிய நேரம், கச்சேரி தொடங்கும் நேரத்துக்கு அரைமணி, முக்கால் மணி முன்னதாக இருக்கும். அரங்கில் வாசிப்பு நடக்கும்போது எழுந்து போவதும் வருவதும் கூடாது. ஒரு பாட்டுக்குள் பல பகுதிகள் இருந்தால் கடைசிப் பகுதி முடிந்தபின்தான் கைதட்டுவார்கள். ஆறாம் வகுப்பு முதலில் வாசித்துவிடும் என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வாசிப்பதைக் கேட்டால்தான் இரண்டு வருடத்தில் எங்கே போய்ச் சேரலாம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

வசந்த காலத்தில் யு.ஐ.எல். மதிப்பீடு வரும். யு.ஐ.எல். (University Interscholastic League) என்பது 1910இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கிய, பள்ளிகளுக்கான போட்டிகளையும் மதிப்பீடுகளையும் நடத்தும் அமைப்பு. மூன்று நடுவர்கள் முன்னால் பழகிய பாடல்களை வாசிக்க வேண்டும். பிறகு வேறொரு அறையில், அதுவரை பார்த்தே இராத ஒரு பாட்டு. அதை டைரக்டர் சில நிமிடம் விளக்குவார், அந்த நேரத்தில் வாத்தியத்தை ஒலிக்கக் கூடாது. அப்புறம் நேரே வாசிப்புதான். 1 முதல் 5 வரை தரம், 1தான் உயர்ந்தது. இரண்டிலும் 1 வாங்கினால் அதற்கு ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்று பெயர். மற்ற பள்ளிகளோடு போட்டி கிடையாது, எல்லாப் பள்ளிக்கும் 1 கிடைக்கலாம். கணக்கு, அறிவியல் போன்ற ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் டெக்சாஸ் விதிப்படி போட்டி போன்ற பாடத்துக்கு வெளியேயான நிகழ்ச்சிகளில் குறைந்தது மூன்று வாரம் பங்கேற்க முடியாது. இந்த யு.ஐ.எல். மதிப்பீட்டில் குழுவோடு வாசிக்க மட்டும் விதிவிலக்கு உண்டு.  மதிப்பெண்ணை முன்கூட்டியே பாருங்கள்.

டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடும்போது குளிர்காலக் கச்சேரித் தேதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தீபாவளியன்று கச்சேரியோ தேர்வோ வந்தால் வாரங்களுக்கு முன்பே டைரக்டருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முன்னதாகச் சொன்னால் பெரும்பாலும் மாற்று ஏற்பாடு செய்வார்கள். வயலினை ஊருக்கு எடுத்துப்போவதானால் சரக்கில் போடாதீர்கள். 2012ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, ஏறும்போது மேலே இடம் இருந்தால் வயலின் போன்ற சிறிய வாத்தியத்தை அமெரிக்க விமான நிறுவனங்கள் கைப்பையாக அனுமதிக்க வேண்டும். சீக்கிரம் ஏறிவிடுங்கள். வேறு நாட்டு விமானத்தில் மாறிப் போவதானால் அந்த நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.