சதுர ஓட்டையும் சூரியப் பிறையும்

2019 டிசம்பர் 26 காலை சென்னையில் பகுதியாகத் தெரியவிருந்த சூரிய கிரகணத்தின் பிறை ஒளியை, சிறு ஓட்டை வழியே தாளில் விழச் செய்து படமெடுக்க முன்கூட்டியே ஒத்திகை பார்த்தபோது, அட்டையில் வெட்டிய சதுர ஓட்டையின் வடிவமே வெள்ளைத்தாளில் விழுந்ததே தவிர, சூரிய வட்டம் வரவில்லை. லென்ஸைத் துடைப்பதிலும் ஃபோகஸை மாற்றுவதிலும் நாட்கள் வீணாயின. கோளாறு கேமராவில் அல்ல, ஓட்டைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியில் இருந்தது. சூரிய பிம்பத்தின் அகலம் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 109-இல் ஒரு பங்குதான் என்பதால், அரை மீட்டரில் 5 மில்லிமீட்டர்கூட எட்டாத பிம்பத்தை அதே அளவுள்ள ஓட்டை மறைத்துவிடுகிறது. அட்டையை மாடிக் கைப்பிடியில் கட்டி 3 மீட்டர் தள்ளித் தாளை வைத்ததும், அதே சதுர ஓட்டை வட்டத்தைக் காட்டியது. காலை வெயில் சாய்வாக விழுவதால் வட்டம் முட்டையாக நீளும். தாளைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்தால் அது சரியாகிவிடும். எக்ஸ்போஷரையும் (கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவு) குறைத்து வைத்ததால், கிரகணத்தன்று பிறை தலைகீழாக, வெளுக்காமல் பதிந்தது.