உங்கள் கேலரியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

மனத்தைத் தெரிந்துகொள்ளப் படம் எடுப்பதற்கு நல்ல கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். ஃபில்டர், பியூட்டி மோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இந்தப் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதில்லை என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். யாரோ பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே கை தானாக நல்ல கோணத்தைத் தேடத் தொடங்கிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு படம். கண் எதில் நிற்கிறதோ அதை எடுங்கள். ஏன் என்று அப்போது யோசிக்க வேண்டாம். இரண்டு வாரம் போனதும் பக்கத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிவையுங்கள். போனில் என்றால் விரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவோம். தரையில் மொத்தமாகக் கிடக்கும்போதுதான் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரியும்.

இப்போது ஒரு நோட்டில் எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்திருக்கிறேன்? மனிதர்கள் இருக்கிறார்களா? முகமா, முதுகா? என் நாளில் இருந்தும் படத்தில் வராதது எது? 'சோகமாக இருக்கிறேன்' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்.

மாமியார் படுக்கையில் இருந்த காலத்தில் நான் எடுத்த படங்களில் செம்பருத்தி, அணில், எதிர்வீட்டுக் கோலம் என்று எல்லாம் அழகாகவே இருந்தன. பரப்பிவைத்தபோதுதான் பார்த்தேன், ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஜன்னல் கம்பி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வாரமே நாத்தனாரிடம் பேசி, மாலையில் ஒரு மணி நேரம் அவர் வந்து இருக்க, நான் வெளியே நடக்க ஏற்பாடு செய்துகொண்டேன்.

கனடாவின் வான்கூவரில் 1982-இல் போட்டோதெரபி, அதாவது படங்களின் வழியே மனத்தைப் பேசவைக்கும் முறைக்கான மையத்தைத் தொடங்கிய உளவியலாளர் ஜூடி வைசர், நாம் எடுத்த படங்களோடு, பிறர் நம்மை எடுத்தவை, நம்மை நாமே எடுத்துக்கொண்டவை, குடும்ப ஆல்பம், யாரோ எடுத்த படத்தில் நாம் காணும் அர்த்தம் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறார். நம் வீடுகளில் பீரோவுக்குள்ளேயே இருப்பது ஆல்பம். அதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்கச் சொல்வேன்.

காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று வரிசையாகப் பாருங்கள். நாற்காலியில் யார், தரையில் யார்? உங்களை எங்கே நிற்கச் சொன்னார்கள்? கை என்ன செய்கிறது? என் பிறந்த வீட்டு குரூப் போட்டோக்களில் நான் எப்போதும் ஓரத்தில், இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு நிற்கிறேன். சில படங்களில் எனக்கே பத்து வயதுதான் இருக்கும். மூத்த பெண். சும்மா உட்கார்ந்தால் இன்றும் எனக்கு ஏன் குற்ற உணர்வு வருகிறது என்பதற்கு அந்தப் பெண் பாதி பதில் சொல்லிவிட்டாள். முடிந்தால் அம்மா, சித்தி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதே படத்துக்கு அவர்கள் வேறு கதை சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தன்னைத்தானே எடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். போனைச் சுவரில் சாய்த்து, டைமர் வைத்து, முதலில் கை, கால்களை மட்டும் எடுங்கள், அப்புறம் முகம். பிடிக்கவில்லை என்றால் உடனே அழிக்காதீர்கள். தினமும் கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தையே பார்த்துப் பழகியிருக்கிறோம். 1977-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பெண்கள் பெரும்பாலும் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தை விரும்பினார்கள். நெருங்கியவர்களோ நேர்ப் படத்தை விரும்பினார்கள். உங்களுக்கு அந்நியமாகத் தெரியும் அந்த முகத்தைத்தான் உங்கள் பிள்ளைகள் நேசிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சில படங்கள் பழைய காயத்தைக் கிளறிவிடும். தூக்கம் கெட்டால், அழுகை நிற்காவிட்டால், அன்றைக்கு ஆல்பத்தை மூடிவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆலோசகரை நேரில் பார்க்கப் போனால் அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு படத்தை எடுத்து நீட்டினால் போதும்.