வீட்டு நீச்சல் குளம்: மாதச் செலவும் பராமரிப்பும், படிப்படியாக

குளம் கட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் விசாரித்துவிடுகிறார்கள். கட்டிய பிறகு மாதாமாதம் எது எவ்வளவு தின்னும் என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. கரண்ட், தண்ணீர், மருந்து, தேய்ந்துபோகும் பாகங்கள் என்று செலவு நான்கு வழிகளில் போகிறது. நான்கிலும் கை நழுவுவதற்குப் பெரும்பாலும் அளக்காமல் குத்துமதிப்பாகச் செய்வதுதான் காரணம். அதனால் முதல் வேலை, ஒரு கணக்கு.

படி 1: குளம் எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்ததை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1 மீட்டர் ஆழம், சீராகச் சரிந்து மறுமுனையில் 1.8 மீட்டர் என்றால் சராசரி ஆழம் 1.4. மொத்தம் 44,800 லிட்டர். கணக்குக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைப் பம்பு அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மருந்து போடும் ஒவ்வொரு முறையும் இது தேவைப்படும்.

படி 2: பம்பு ஓடும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான குளங்களில் மாதச் செலவில் பெரிய பங்கு பம்புக்குத்தான். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு நாளில் ஒரு முறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். பம்பு மணிக்கு 9,000 லிட்டர் தள்ளினால் நம் குளத்துக்கு 5 மணி நேரம் பிடிக்கும். ஃபில்டரும் குழாய் வளைவுகளும் வேகத்தைக் குறைப்பதால், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விடக் கொஞ்சம் குறைவாகவே வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1.1 கிலோவாட் இழுக்கும் பம்பு 8 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 8.8 யூனிட், மாதத்துக்கு 264 யூனிட். தண்ணீர் தெளிவாக இருக்கும்போது 6 மணி நேரமாகக் குறைத்தால் 66 யூனிட் மிச்சம். வெயில் கடுமையாக இருக்கும் நாட்களிலும், நிறையப் பேர் குளித்த நாளிலும் கூட்டிக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு வேகம் மாற்றக்கூடிய பம்பையே சொல்வோம். வேகத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீரும் பாதியாகும். ஆனால் இழுக்கும் மின்சாரம் கோட்பாட்டுப்படி எட்டில் ஒரு பங்குதான். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் நான்கில் ஒரு பங்கு யூனிட்டே ஆகும். நடைமுறையில் அந்த அளவு கிடைக்காவிட்டாலும் பில்லில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படி 3: ஃபில்டரைக் கழுவுவது

மணல் ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி என்ன காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். அதை விட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது கழுவினால் போதும். அடிக்கடி கழுவுவது நல்லதென்று நினைப்பது தப்பு: மணலில் லேசாக அழுக்கு படிந்திருந்தால்தான் மெல்லிய தூசியும் சிக்கும்.

பம்பை நிறுத்துங்கள். வால்வுக் கைப்பிடியை ‘பேக்வாஷ்’ இடத்துக்குத் திருப்புங்கள். பம்பைப் போட்டு, வால்வில் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் தெரியும் தண்ணீர் தெளியும்வரை 2, 3 நிமிடம் ஓட்டுங்கள். மறுபடி நிறுத்தி, ‘ரின்ஸ்’ இடத்தில் அரை நிமிடம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, ‘ஃபில்டர்’ இடத்துக்குத் திருப்புங்கள். பம்பு ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே சக்கரம்போல் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிடும். அதன் பிறகு சாதாரண ஓட்டத்திலும் கழிவுக் குழாயில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு கழுவலுக்குச் சுமார் 500 லிட்டர் போகும். அதையும் தண்ணீர்ச் செலவில் சேருங்கள்.

படி 4: தண்ணீரைச் சோதித்து மருந்து போடுவது

வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டெஸ்ட் கிட்டால் பாருங்கள். முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் துவாரத்திலிருந்து தள்ளி மாதிரி எடுக்க வேண்டும். சரிசெய்யும் வரிசை முக்கியம்: முதலில் காரத்தன்மை, அடுத்து பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), கடைசியில் குளோரின்.

காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கட்டும். இது குறைந்தால் பிஎச் ஒரு நிலையில் நிற்காது. நம் குளத்தில் இதை 10 பிபிஎம் உயர்த்தச் சுமார் 750 கிராம் சமையல் சோடா போதும்.

பிஎச் 7.2 முதல் 7.6 வரை. 7.5இல் குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் அது கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். குளோரின் கொட்டியும் பாசி பிடிக்கிறது என்பவர்கள் முதலில் பிஎச்சைப் பார்க்க வேண்டும்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம். நம் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் தூள்) 70 கிராம், அல்லது 10 சதவீதத் திரவக் குளோரின் 450 மில்லி. வெயில் குளோரினை அழித்துவிடும் என்பதால் மாலையில் போடுங்கள். கண்ணை எரிக்கும் அந்தக் ‘குளோரின் வாடை’ வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்துவிட்ட குளோரினுடையது. அந்த வாடை வந்தால் பெரும்பாலும் நல்ல குளோரின் போதவில்லை என்று அர்த்தம்.

குளோரினை மாத்திரையாகப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ட்ரைகுளோர் மாத்திரையில் சயனூரிக் அமிலமும் இருக்கிறது. அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. ஆனால் ஆவியாகாது, தேய்வதும் மிக மெதுவாகத்தான். 200 கிராம் மாத்திரை ஒன்று நம் குளத்தில் 2.5 பிபிஎம் அளவு சேர்க்கும். இரண்டு நாளுக்கு ஒன்று என்று போட்டால் மாதத்தில் 37 பிபிஎம். இரண்டாம் மாத முடிவில் 70ஐத் தாண்டிவிடும், குளோரின் மந்தமாகும். நடைமுறையில் இதற்குத் தீர்வு, கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான். மாத்திரையையும் திரவக் குளோரினையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அந்தச் செலவு குறையும்.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிஎச்சைக் குறைக்கப் போடும் ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும். ட்ரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

படி 5: தண்ணீர் எங்கே போகிறது?

மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கினாலே 32 சதுர மீட்டர் பரப்பில் 160 லிட்டர். ஆவியா, கசிவா என்று பார்க்க, ஒரு வாளியில் குளத்துத் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படிக்கட்டில் வையுங்கள். வாளிக்குள்ளும் குளத்திலும் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. ஒரு மூடி போட்டாலே நன்றாகக் குறையும். குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. பம்பு ஓடும்போது ஒரு முறை, நிறுத்திவைத்து ஒரு முறை சோதியுங்கள். ஓடும்போது கூடுதலாக இறங்கினால் குழாயைச் சந்தேகிக்கலாம்.

படி 6: பெரிய செலவுக்கு ஒதுக்கிவைப்பது

மணலை 5 முதல் 7 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். பம்பு ஏறக்குறைய 10 ஆண்டு உழைக்கும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருந்தால், அதன் செல் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றின் விலையையும் அதன் ஆயுள் மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையை மாதச் செலவிலேயே எழுதுங்கள். பம்பு மூடியின் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே தடவுங்கள். வாஸலின் ரப்பரை ஊத வைத்துவிடும்.

பழுது பார்க்க வேண்டியிருந்தாலும் குளத்தை நீங்களாக முழுவதும் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் உயரமாக இருக்கும் காலத்தில், உள்ளே எடை இல்லாத குளத்தை அடியிலிருந்து தண்ணீர் மேலே தள்ளும். தரை விரிசல் விடும், தொட்டியே கிளம்பிவிடுவதும் உண்டு. நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வந்த பிறகே வடிகாலைத் திறங்கள்.