மெடிக்கல் ஷாப் க்ரட்ச்சை வீட்டுலயே நல்லா மாத்துறது எப்படி?

கால்ல கட்டு போட்டவங்க வாங்குற அலுமினிய க்ரட்ச் இருக்குல்ல, அக்குள்ல வெச்சு நடக்குறது, அதுல பைப்ல பெருசா குறை கிடையாது, கை பிடிக்கிற எடமும் தரையத் தொடுற ரப்பரும்தான் தலைவலி. அதனால பைப் வெட்டி வெல்டிங் வெச்சு ஆரம்பிக்காதீங்க, இந்த ரெண்ட மட்டும் டிசைன் பண்ணுங்க.

1. அளவு
ஆள செருப்போட நேரா நிக்க வைங்க, ஒருத்தர் பக்கத்துல பிடிச்சுக்கட்டும். க்ரட்ச் நுனி பாதத்துலேர்ந்து முன்னாடியும் பக்கவாட்டுலயும் சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கணும். க்ரட்ச் உச்சியில இருக்குற பேடுக்கும் அக்குளுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நுழையணும், கைய தொங்க விட்டா கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வரணும், அப்போ பிடிச்சா முழங்கை 20-30 டிகிரி மடங்கும். நிறைய பேர் அக்குள்ல தொங்கிட்டே நடக்குறாங்க, அப்படி நடந்தா அங்க போற நரம்பு நசுங்கி மணிக்கட்ட தூக்கவே முடியாம போகலாம், பாரம் கையிலதான் எறங்கணும்.

2. கைப்பிடி
ஒல்லியான உருண்டைப் பிடி உள்ளங்கை நடுவுல அழுத்தி விரல் மரத்துப் போகும். அகலமா தட்டையா இருந்தா பாரம் பரவும். பசங்க வெளையாடுற களிமண்ண பிடி மேல அப்பி, பாலிதீன் கவர் சுத்தி, நடக்கப் போறவங்களையே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, உங்க கைய வெச்சு ஷேப் எடுக்காதீங்க. ஷேப் பிடிச்சா அதையே எம்சீல்ல பண்ணுங்க, கிளவுஸ் கண்டிப்பா போடுங்க, காயாத எம்சீல் தோலுக்கு ஆகாது. காஞ்சதும் எமரி ஷீட்ல தேச்சு சைக்கிள் ஹேண்டில்பார் டேப் சுத்துங்க. வெறும் ஃபோம் வேணாம், சென்னை வேர்வைக்கு ஊறி நாறிடும். வலது இடதுன்னு மார்க் பண்ணிடுங்க.

3. ரப்பர்
மழைக்கால வாசல் டைல்ஸ்தான் உண்மையான எக்ஸாம். ஒரு டைல்ஸ் துண்டு மேல தண்ணி ஊத்தி, க்ரட்ச்ச நட்டமா வெச்சு பைப் போற வாக்குலயே அமுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா சாய்ங்க, வழுக்குற கோணத்த போன் லெவல் ஆப்ல பாத்துக்கோங்க. அது ரப்பருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பப் பொறுத்தது, எவ்ளோ பலமா அமுக்குனாலும் பெருசா மாறாது. ஸோ, ரெண்டு மூணு ரப்பர் வாங்கி கம்பேர் பண்ணலாம். அடி அகலமா, உள்ள இரும்பு வாஷர் இருக்கறதா பாருங்க, இல்லனா பைப் ஓரம் ரப்பர அறுத்துடும். பாரிஸ் கார்னர் பக்கம் ஹார்டுவேர் கடைக்கு போறீங்கன்னா பைப் வெளி விட்டத்த அளந்து எழுதிட்டு போங்க.

4. டெஸ்ட்
கால் நல்லா இருக்கறவங்க மொதல்ல நடந்து பாக்கணும். அப்புறம்தான் அடிபட்டவங்க, அதுவும் டாக்டரோ பிசியோவோ கால்ல எத்தன கிலோ வைக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம். அந்தக் காலுக்கு அடியில பாத்ரூம் வெயிட் மெஷினும் இன்னொரு காலுக்கு அதே உயரத்துல பலகையும் வெச்சு பழகினா அந்த கிலோ எவ்ளோன்னு உடம்புக்கே புரிஞ்சிடும். மாடிப்படி கடைசி, முதல் தடவை பிசியோ பக்கத்துல இருக்கட்டும்.