எயர் எடுத்த பிறகு டிஸ்க் பிறேக் உரசுதா?

மவுண்டன் பைக்கின்ர ஹைட்ரோலிக் பிறேக்குக்கு எயர் எடுத்து, அதாவது ஒயிலுக்குள்ள நிக்கிற காத்தை வெளியேத்தி, சில்லைப் பூட்டிச் சுத்திப் பார்த்தால் "சர்...சர்..." எண்டு சத்தம். உடனே டிஸ்க் வளைஞ்சு போச்சு எண்டு குறட்டைத் தூக்காதையுங்கோ. நேற்று வரைக்கும் நேராக இருந்த டிஸ்க், எயர் எடுத்ததால வளையாது. அனேகமாக ஒயில் கூடிப்போயிருக்கும், இல்லாட்டி காலிப்பர் (பிறேக் கட்டைகளைப் பிடிச்சிருக்கிற பகுதி) விலகியிருக்கும்.

முதல்ல அச்சைத் தளர்த்தி, சைக்கிளை நிமிர்த்தி வச்சு அமத்தி, திரும்ப இறுக்குங்கோ. சில நேரம் அதோட அலுவல் முடிஞ்சிடும்.

இனிச் சில்லைச் சுத்திவிட்டுக் காதைக் குடுங்கோ. விடாமல் உரசினால் கட்டையைத் தள்ளுற பிஸ்ரன் அல்லது காலிப்பர். ஒரு சுத்துக்கு ஒருக்கா மட்டும் பட்டால்தான் டிஸ்க்கில வளைவு.

ஒயில் கூடியிருந்தால்

பிஸ்ரனைச் சுத்தி ஒரு சதுர றப்பர் சீல் இருக்கு. பிறேக் பிடிக்கேக்க அது முறுகும். விடேக்க நிமிர்ந்து பிஸ்ரனை மயிரிழை அளவு உள்ள இழுக்கும். பிஸ்ரனை முழுக்க உள்ள தள்ளாமல் ஒயில் நிரப்பினால், அது பின்னுக்குப் போக இடமிராது. எங்கட வெயிலுக்குள்ள சைக்கிளை விட்டால் ஒயில் விரிஞ்சு இன்னும் மோசமாகும். காலமை சும்மா ஓடின சில்லு மத்தியானம் உரசுதெண்டால் இதைத்தான் முதல்ல சந்தேகப்பட வேணும்.

சில்லையும் பிறேக் கட்டைகளையும் கழட்டுங்கோ. சிமானோ கொம்பனி பிறேக் எண்டால் லீவரை நிலமட்டமாகத் திருப்பி, மேலிருக்கிற சின்ன ஆணியை எடுத்துப் புனலைப் பூட்டி, கொஞ்சம் ஒயில் விடுங்கோ. பிஸ்ரன்களைத் துடைச்சு, பிளாஸ்ரிக் ரயர் லீவரால ஆறுதலாக, நேராகத் தள்ளுங்கோ. மேலதிக ஒயில் புனலுக்குள்ள ஏறுறது கண்ணுக்குத் தெரியும். பின்னால ஒண்டிரண்டு குமிழியும் வரலாம். பிறகு புனலை அடைச்சுக் கழட்டி ஆணியைப் பூட்டுங்கோ. திருப்புளியால தள்ளினால் பீங்கான் பிஸ்ரன் விளிம்பு உடையும்.

சிமானோ பிறேக்குக்கு மினரல் ஒயில் மட்டும்தான். மோட்டார் சைக்கிள் கடையில லேசாகக் கிடைக்குதெண்டு டொட் 4 எண்ட வேற வகைப் பிறேக் ஒயிலை வாங்கி விட்டால் சீல் எல்லாம் ஊதிப்போகும். ஸ்ராம் கொம்பனி பிறேக் எண்டால் மொடலைப் பொறுத்து டொட் அல்லது மினரல். லீவர் மூடியைப் பார்த்திட்டு வாங்குங்கோ.

காலிப்பரை நடுவுக்குக் கொண்டுவாறது

கட்டைகளையும் சில்லையும் பூட்டி, லீவர் இறுகும் வரைக்கும் அமத்துங்கோ. காலிப்பரின்ர ரெண்டு போல்ற்றையும் அரைச் சுத்துத் தளர்த்தி, லீவரை இழுத்துப் பிடிச்சபடியே மாறி மாறி இறுக்குங்கோ. சிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீற்றர். உதவிக்கு ஆளில்லாட்டி லீவரை றப்பர் பாண்டால கட்டலாம்.

இப்பவும் பட்டால், பின்னால வெள்ளைத் தாள் ஒண்டைப் பிடிச்சு டிஸ்க்குக்கும் கட்டைக்கும் இடையில பாருங்கோ. ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு தெரிய வேணும். தெரியாத பக்கத்துக்கு ஏத்த மாதிரி, போல்ற்றுகளைத் திரும்பத் தளர்த்திக் காலிப்பரைக் கையால நகர்த்தி இறுக்குங்கோ. எனக்கு லீவர் முறையை விட இதில நம்பிக்கை கூட.

ஒரு பிஸ்ரன் மட்டும் அசையாமல் நிக்குதோ? மணல்காட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடுற சைக்கிளுக்கு உப்பும் மணலும் ஏறி இப்பிடி வரும். கட்டையைக் கழட்டி, மற்றப் பிஸ்ரனைத் தடுத்துப் பிடிச்சு, லீவரை மெல்ல அமத்தி அதைக் கொஞ்சம் வெளிய எடுங்கோ. அதே பிறேக் ஒயில் ஒரு துளியைப் பஞ்சால பூசி உள்ள தள்ளுங்கோ. ரெண்டு மூண்டு தரம் செய்தால் இளகும். பூசின ஒயிலை மிச்சமில்லாமல் துடையுங்கோ.

டிஸ்க் வளைவெண்டால் சுத்தமான ஸ்பானரால கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கோ. விரல் படக்கூடாது. டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்ககோல். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், கட்டை அதைக் குடிச்சால் பிறகு பிடிக்காது.

ரோட்டுக்கு ஏற முதல் முற்றத்தில ஓடி ரெண்டு பிறேக்கையும் பிடிச்சுப் பாருங்கோ. லீவர் ஹாண்டில் வரைக்கும் போனால் உள்ள இன்னும் காத்து இருக்கு, திரும்ப எயர் எடுக்க வேணும். இறுக்கமாக நிண்டு, சில்லும் தாராளமாகச் சுத்தினால் மெல்லிய சத்தத்துக்குக் கவலைப்படாதையுங்கோ.